குளத்து மண் எங்கே போகும்?

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை நம் எல்லோருக்கும் தெரியும். குளம் வெட்டினாலும் ஒரு பூதம் புறப்படத்தான் செய்கிறது. அந்தப் பூதத்துக்கு மண் என்று பெயர். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தைப் பற்றி மாதக்கணக்கில் யோசிக்கும் மனிதர்கள், உள்ளேயிருந்து வெளிவரும் மண் எங்கே நிற்பது என்பதைப் பற்றி அரை நாழிகைகூட யோசிப்பதில்லை. வெட்டத் தொடங்கிய மூன்றாம் நாள் அது மலைபோல் எழுந்து நின்று, "எஜமானே, நான் எங்கே போக?" என்று கேட்கிறது. அப்போது எஜமானுக்குப் பதில் தெரிவதில்லை.

சென்னையில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், பரமக்குடிக்குத் தெற்கே தமக்குப் பிதிரார்ஜிதமாக வந்த நிலத்தில் ஒரு குளம் வெட்டத் தீர்மானித்தார். பூதம் கிளம்புவதற்கு முன்பே அவருக்கு அதன் கவலை பிடித்துக்கொண்டது. "ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போகவேணும்" என்று சொல்லியனுப்பினார். கோடை காலத்தில் இராமநாதபுரம் சீமைக்குப் பிரயாணம் போக யாருக்கும் ஆசை இராது. ஆனாலும், மதுரையிலிருந்து வைகைக் கரையோடு கிழக்கே போகும் அந்தச் சாலையில், மண்ணின் கதையைச் சொல்லக்கூடிய ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. ஆகையால் புறப்பட்டேன்.

முதலில் மதுரையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. நகரத்தின் கிழக்குப் பக்கத்தில், வண்டியூர் மாரியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள தெப்பக்குளத்தை அறியாத தமிழர் இல்லை. சுமார் 1,000 அடி நீளமும் 950 அடி அகலமும் உள்ள அந்தக் குளத்தின் நடுவே மைய மண்டபம் மரங்களுக்கிடையில் நிமிர்ந்து நிற்கிறது. தைப்பூசத்தன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் அங்கே தெப்பத்தில் வலம் வருகிறார்கள். திருமலை நாயக்கர் மகால் கட்டியபோது செங்கல் அறுப்பதற்காக மண் எடுத்த பள்ளமே பின்னர் இந்தக் குளமாயிற்று என்று மதுரையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். மண் தோண்டியபோது கிடைத்தவர்தாம் மீனாட்சியம்மன் கோயிலில் வீற்றிருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் என்பதும் அந்தச் செய்தியோடு சேர்ந்தது.

இந்தக் கதையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாயக்கருக்கு முதலில் வேண்டியிருந்தது மண். குளம் பிறகு வந்தது. நமக்கோ முதலில் வேண்டியது குளம்; மண் பிறகு வருகிறது. எப்படி வந்தாலும் கணக்கு ஒன்றுதான். ஓரிடத்தில் மாளிகை எழுந்தால் மற்றோரிடத்தில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டால் அது குழி. படிக்கட்டும் வரத்துக்காலும் வைத்தால் அது குளம். அதேபோல், வெளிவந்த மண்ணை அப்படியே விட்டுவிட்டால் அது குப்பைமேடு. இடமறிந்து வைத்தால் அது சொத்து.

சிலைமான் தாண்டியதும் கீழடி. 2014-ஆம் ஆண்டு முதல் அங்கே அகழ்வாராய்ச்சி நடந்து, தென்னந்தோப்புகளுக்கு அடியில் 2,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட செங்கற் சுவர்கள் வெளிப்பட்டதை நேயர்கள் அறிவார்கள். அந்தச் சுவர்களைப் பார்க்கும்போது, "இவற்றுக்கு மண் எடுத்த பள்ளம் எங்கே?" என்று கேட்கத் தோன்றியது. அந்தப் பள்ளத்திலும் மழைநீர் நின்றிருக்கும், மாடுகள் இறங்கியிருக்கும், அல்லியும் பூத்திருக்கலாம்.

திருப்புவனத்தைக் கடந்து மானாமதுரை போய்ச் சேர்ந்தால் மண்ணின் பெருமை இன்னும் நன்றாக விளங்கும். கச்சேரிகளில் ஒலிக்கும் கடம் பெரும்பாலும் இந்த ஊரில் பிறந்ததுதான். சுற்றுப்புறக் கண்மாய்களின் களிமண்ணைக் கொண்டுவந்து, கலக்கிப் பிசைந்து, தட்டித் தட்டி இங்குள்ள வேளார்கள் அதை உருவாக்குகிறார்கள். இந்த ஊர் மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. "எல்லாக் கண்மாய் மண்ணும் பானைக்கு ஆகுமா?" என்று ஒரு பெரியவரைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, "எல்லாப் பிள்ளையும் பள்ளிக்கூடத்துக்கு வரும், எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி படிக்குமா, ஐயா?" என்றார். மண் என்று ஒரே சொல்லால் நாம் அழைப்பது ஒரே பொருள் அன்று. இதைத் தெரிந்துகொண்ட பிறகே மண்வெட்டியைக் கையில் எடுக்கலாம்.

பரமக்குடியிலிருந்து ஒரு மணி நேரம் போல் உள்ளே போனால் நண்பரின் நிலம். மூன்று ஏக்கர். மேல் பாதி செம்மண்ணும் மணலும் கலந்த பொட்டல். கீழ்ப் பாதி கரிசல். வேலியோரம் நெடுகச் சீமைக்கருவேல மரங்கள். நிலத்தின் தென்கோடியில் ஒரு தாழ்வான பகுதி. கோடையில் அங்கே புல்கூட இல்லை. குளத்துக்கு 100 அடி நீளமும் 60 அடி அகலமும் குறித்து நான்கு முளைகள் அடித்துக் கயிறு கட்டியிருந்தார் நண்பர். ஆழம் 6 அடி. கரை சரியாமல் இருக்கும்பொருட்டு, ஓர் அடி இறங்கினால் ஒன்றரை அடி உள்ளே வரும்படி நான்கு பக்கமும் சாய்வு.

திண்ணையில் உட்கார்ந்து காகிதத்தில் கணக்குப் போட்டோம். இந்த அளவுக்கு வெட்டினால் 28,000 கன அடி மண் வரும். நம் பக்கத்தில் மண்ணை யூனிட் கணக்கில் சொல்வது வழக்கம். 100 கன அடி ஒரு யூனிட். ஆகவே 280 யூனிட். குளம் நிறைந்தால் ஏறக்குறைய 8 லட்சம் லிட்டர் தண்ணீர். இதுவரையில் நண்பரின் முகம் மலர்ந்திருந்தது. ஆனால் பூமிக்குள் இறுகிக் கிடந்த மண் வெளியே வந்தால் உப்பும். நூற்றுக்கு 25 பங்கு உப்புவதாக வைத்துக்கொண்டாலும் 280 என்பது 350 ஆகிவிடும். டிராக்டர் பெட்டி ஒன்றுக்கு ஒரு யூனிட் என்றால் 350 நடை!

"350 நடையா!" என்று நண்பர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

இந்தச் சமயத்துக்காகவே காத்திருந்ததுபோல ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். செங்கற் சூளைகளுக்கு மண் ஏற்றுகிற வியாபாரி. அவருடைய யோசனை மிக இனிமையாக இருந்தது. "அண்ணே, உங்களுக்கு ஒரு பைசா செலவு வேண்டாம். பொக்லைன் நம்முடையது, டீசல் நம்முடையது. குளத்தை நான் வெட்டித் தருகிறேன். மண்ணை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள். ஆறு அடி என்ன, பதினைந்து அடியே வெட்டித் தருகிறேன்!" என்றார். நண்பரின் முகம் மறுபடியும் மலர்ந்தது.

அவ்வட்டாரத்து முதியவர் ஒருவரும் திண்ணையில் இருந்தார். எண்பது வயதுக்குக் குறையாது. அவருடைய தகப்பனார் காலத்தில் ஊர்க் கண்மாய்க்கு மடை திறந்து நீர் பாய்ச்சியவர்கள் அவர் குடும்பத்தார். வியாபாரி போகும் வரையில் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பி, குளம் வெட்டுகிறாயா, மண்ணை விற்கிறாயா?" என்று நண்பரைக் கேட்டார்.

"குளம்தான் வெட்டுகிறேன், ஐயா. மண் தொல்லை தீருமே என்று பார்த்தேன்."

"மண்ணுக்காக வெட்டுகிறவன் மண் நல்லதாக இருக்கிற வரைக்கும் வெட்டுவான். குளத்துக்காக வெட்டுகிறவன் தண்ணீர் நிற்கிற வரைக்கும் வெட்டுவான். ரெண்டும் ஒரே ஆழம் இல்லை" என்றார் முதியவர்.

இதைவிடத் தெளிவாக எந்த இஞ்சினீயரும் சொல்ல முடியாது. சாய்வு இல்லாமல் செங்குத்தாகப் பதினைந்து அடி வெட்டிய குழி, மழைக்காலத்தில் நிரம்பிவிட்டால் அதன் விளிம்பு தெரியாது. மாடு விழுந்தால் ஏற முடியாது. குழந்தை விழுந்தால் சொல்லவே வேண்டாம். மண் எடுத்த குழிகளில் பிள்ளைகள் மூழ்கிப் போன செய்தியை ஒவ்வொரு மழைக்காலத்திலும் நாம் பத்திரிகைகளில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். தவிர, நிலத்தின் மேல்மண் நல்ல உரமுள்ள மண். அது உண்டாவதற்கு எத்தனையோ தலைமுறை பிடிக்கும்; சூளையில் வேக ஒரு வாரம் போதும். போதாததற்கு, சொந்த நிலத்து மண்ணே ஆனாலும் வெளியே விற்பதற்குச் சர்க்காரின் கனிமத் துறை அனுமதி வேண்டும். "எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் வியாபாரிகள், வழக்கு என்று வந்தால் எதையும் பார்த்துக்கொள்வதில்லை.

மறுநாள் காலையில் பரீட்சைக்காக ஒரு குழி தோண்டிப் பார்த்தோம். இது குளம் வெட்ட நினைக்கும் எல்லோரும் முதலில் செய்ய வேண்டிய காரியம். மேலே அரை அடிக்கு மக்கிய வேரும் மண்புழுவும் கலந்த கறுத்த மண். அதற்குக் கீழே இரண்டரை அடி வரை கையில் பிசுபிசுவென்று ஒட்டும் களிமண். அதற்கும் கீழே வெள்ளை வெள்ளையாய்ச் சுக்காங்கல் கலந்த இறுகிய மண். முதியவர் ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்து நனைத்து உருட்டிப் பார்த்தார். அடிமண்ணை நாக்கில் வைத்துப் பார்த்து, "உவர் கொஞ்சம் இருக்கிறது. இது வயலுக்குப் போகக் கூடாது" என்றார். மண்ணைப் பரிசோதிக்கும் சர்க்கார் நிலையங்கள் இருக்கின்றன. நண்பர் அங்கும் ஒரு பொட்டலம் அனுப்பினார். ஆனால் வெட்டுகிற ஆளிடம் ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும். மூன்று மண்ணையும் ஒரே குவியலாகக் கொட்டக் கூடாது. கலந்துவிட்டால் மூன்றும் கெட்டது.

அதன் பிறகு மண்ணுக்கு வீடு தேடும் வேலை நடந்தது.

மேல்மண் 30 யூனிட். அதை முதலில் வழித்தெடுத்துத் தனியே வைத்து, மேல் பாதியிலுள்ள பொட்டலில் பரப்புவது என்று முடிவாயிற்று. ஓர் ஏக்கரில் ஓர் அங்குல கனத்துக்கு மண் பரப்ப 36 யூனிட் வேண்டும். ஆகவே ஏக்கருக்குச் சற்றுக் குறைவான இடம் அடுத்த போகத்தில் உரமேறிவிடும். தென்பாண்டிக் குடியானவர்கள் கோடை வந்ததும் கண்மாய்க் கரம்பையை வண்டி வண்டியாக வயலுக்கு அடித்தது இந்தக் காரணத்துக்காகத்தான். அதனால் வயலுக்கு உரம், கண்மாய்க்கு ஆழம் என்று இரண்டு லாபம் இருந்தது. இந்த வழக்கம் மிகப் பழையது. காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூரில், 10-ஆம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்றே ஒரு சபை பேசப்படுகிறது. ஏரியில் குழி குத்தி, அந்த மண்ணைக் கரையில் இடுவதற்கென்று பொன் கொடுத்தவர்களும் நம் நாட்டில் இருந்தார்கள். இடைக்காலத்தில் இந்த வழக்கம் தளர்ந்து போயிற்று. 2017-ஆம் ஆண்டில் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே சர்க்கார் மறுபடியும் வேலை தொடங்கியது. கண்மாய் வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளவும் வழி செய்தது.

அடுத்தது களிமண். குளத்துக்குக் கரை போட அதைப்போல் வேறொன்றில்லை. மேட்டுப் பக்கம் தண்ணீர் வருவதற்குத் திறந்திருக்க வேண்டுமாகையால் மூன்று பக்கந்தான் கரை. மூன்றரை அடி உயரம், அடியில் 14 அடி, மேலே 4 அடி. நீளம் 270 அடி. இதற்கு 85 யூனிட் பிடிக்கும். இதிலும் இரண்டு நியமங்கள் உண்டு. குளத்தின் விளிம்புக்கும் கரைக்கும் நடுவே 5 அடியாவது வெறும் தரை விட வேண்டும். விளிம்பிலேயே குவித்தால் முதல் மழையில் பாதி மண் குளத்துக்கே திரும்பிவிடும். அரை அடிக்கு அரை அடி மண்ணைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்த பிறகே அடுத்த அடுக்குப் போட வேண்டும். கொட்டிவிட்டுப் போனால் அது கரையாகாது. மேலே அருகம்புல்லும் பனையும் வைத்துவிட்டால் கரை தன்னைத் தானே காத்துக்கொள்ளும். வெறுமனே விட்ட மண்மேட்டில் ஒரே வருஷத்தில் சீமைக்கருவேல் குடியேறிவிடும் என்பதை அந்தச் சீமையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சுக்கான் மண்ணில் 40 யூனிட், சாலையிலிருந்து வீடு வரையில் 400 அடி வண்டிப்பாதைக்கு. ஐப்பசி மழையில் அந்தக் கரிசலில் நடந்தவர்களுக்குத்தான் சுக்கான் பாதையின் அருமை தெரியும். மாட்டுத் தொழுவத்தின் தரையை உயர்த்த 25 யூனிட். புளியமரத்தைச் சுற்றி மேடை போடலாமே என்று நண்பர் கேட்டார். அடிமரத்தைச் சுற்றி மண் குவித்தால் வேர் மூச்சு முட்டி மரம் பட்டுப்போகும் என்று முதியவர் தடுத்துவிட்டார்.

ஆக, 180 யூனிட்டுக்கு வீடு கிடைத்தது. பாக்கி 100.

"அதற்கென்ன, தென்கோடியில் பள்ளம் இருக்கிறதே! அதில் தள்ளி நிரவிவிட்டால் கால் ஏக்கர் மிச்சமாகும்" என்றார் நண்பர். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. முதியவர் பதில் சொல்லாமல் எழுந்து நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். அந்தத் தாழ்வான இடத்தில் நின்று வடமேற்கே கை காட்டினார். அங்கே அடுத்தவர் நிலத்திலும் அதே தாழ்வு. அதற்கப்பால் ஒரு சிறு பாலம். பிறகு தென்கிழக்கே காட்டினார். வேலிக்கு வெளியே அதே தாழ்வு வளைந்து போய், தூரத்தில் பனை வரிசைக்குள் மறைந்தது.

"அங்கே தெரிகிறதே, அது ஊர்க் கண்மாய். இது அதற்கு வரத்துக்கால். பத்து வருஷத்தில் ரெண்டு வருஷம்தான் இதில் தண்ணீர் ஓடும். ஓடுகிற அன்றைக்கு இது அடைபட்டிருந்தால், கண்மாய் நிறையாது. உன் மேலண்டை வீட்டுக்காரன் பயிர் மூழ்கும். உன் குளம் வெட்டுகிற மண் ஊர்க் குளத்தைத் தூர்க்கலாமா, தம்பி?"

வெயிலில் நின்ற எங்கள் மூவருக்கும் சற்று நேரம் பேச்சு எழவில்லை. காகிதத்தில் பள்ளமாகத் தெரிந்தது, நிலத்தில் ஒரு நதியாகத் தெரிந்தது. தமிழ்நாட்டில் எத்தனை கண்மாய்கள் மழை பெய்தும் நிறையாமல் கிடக்கின்றன! அவற்றின் வரத்துக்கால்களில் யாராவது ஒருவர், எங்கேயோ வெட்டிய மண்ணை, "சும்மா கிடக்கும் பள்ளந்தானே" என்று கொட்டியிருப்பார். அவர் துஷ்டராக இருக்க வேண்டிய அவசியமில்லை. நம் நண்பரைப்போல் நல்லவராகவே இருந்திருக்கலாம்.

அன்றிரவு நண்பருக்குத் தண்டியடிகள் நாயனாரின் சரித்திரத்தை நினைவூட்டினேன். அவர் பிறவியிலேயே கண் தெரியாதவர். திருவாரூர்க் கமலாலயக் குளம் இடம் குறைந்து போனதை அறிந்து மனம் பொறாமல், தாமே அதை வெட்டத் தொடங்கினார். குளத்துக்குள்ளே ஒரு கம்பு நட்டார். மண் கொட்ட வேண்டிய கரைமேல் ஒரு கம்பு நட்டார். இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டி, அதைக் கையால் தடவிக்கொண்டே போய் மண்ணைக் கொட்டிவிட்டுத் திரும்பினார் என்று பெரிய புராணம் சொல்லுகிறது. கண்ணில்லாத அந்தப் பெரியவர் இரண்டாவது கம்பை மறக்கவில்லை. கண்ணுள்ள நாமோ குளத்தின் நான்கு மூலைக்கும் முளை அடித்துவிட்டு, மண் போகும் இடத்துக்கு ஒரு முளையும் அடிப்பதில்லை.

நண்பர் வெகு நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அந்த 100 யூனிட்?" என்றார்.

அதற்கும் முதியவரிடமே விடை இருந்தது. ஊரின் கீழத் தெரு பள்ளத்தில் இருக்கிறது. பெருமழை பெய்தால் வாசலைத் தாண்டித் தண்ணீர் வரும். அங்கே சில குடும்பங்கள் பழைய வீட்டைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அடித்தளத்தை நிரப்ப மண் வாங்க வழியில்லாமல், தரையோடு தரையாகவே சுவர் எழுப்பத் தொடங்கியிருந்தார்கள். 20 அடிக்கு 22 அடி வீட்டை 2 அடி உயர்த்த ஏறக்குறைய 9 யூனிட் போதும். 100 யூனிட்டில் 11 வீடுகள் தலை நிமிர்ந்துவிடும். தெருவை உயர்த்தலாமே என்று நான் சொன்னேன். "தெருவை உயர்த்தினால் வீடு கிணறாகிவிடும். வீட்டைத்தான் உயர்த்த வேண்டும்" என்றார் அவர்.

மண்ணை நிலத்துக்கு வெளியே கொண்டுபோக அனுமதி கேட்டு மறுநாளே நண்பர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதினார். இயந்திர வாடகையும் வண்டி வாடகையும் சேர்ந்தால் அவருடைய ஓய்வூதியத்தில் சில மாதப் பணம் போய்விடும். வியாபாரியின் யோசனைப்படி நடந்திருந்தால் ஒரு பைசாவும் செலவில்லை. இதை அவர் மனைவியார் எடுத்துச் சொன்னபோது மறுத்துப் பேச ஒருவருக்கும் வாய் வரவில்லை. சொன்னவரே சற்று யோசித்துவிட்டு, "கீழத் தெருக்காரர்கள் வண்டிக்கு ஆள் வந்து ஏற்றி இறக்குவார்களா?" என்று கேட்டார். வருவார்கள் என்று முதியவர் உறுதி கூறினார். காரியம் முடிவாயிற்று.

நான் புறப்பட்ட அன்று காலையில் பொக்லைன் இன்னும் வந்து சேரவில்லை. குளத்துக்கு அடித்த நான்கு முளைகளும் பழைய இடத்தில் இருந்தன. நண்பர் கையில் ஒரு சுத்தியலும் கக்கத்தில் ஒரு கட்டு முளையுமாக நடந்துகொண்டிருந்தார். பொட்டலில் மேல்மண்ணுக்கு ஒன்று, கரைக்குச் சில, தொழுவத்துக்கு ஒன்று, பாதைக்கு இரண்டு. வரத்துக்காலின் இரண்டு ஓரங்களிலும், யாரும் அதற்குள் வண்டியைத் திருப்பாதபடி, நெருக்கமாக அடித்துச் சிவப்புத் துணி கட்டினார். மிச்சமிருந்த முளைகளை எடுத்துக்கொண்டு கீழத் தெருப் பக்கம் போனார்.